கொழும்பு – அரிப்பு மோட்டார் சைக்கிள் பயணம்: நோர்த்தின் மாளிகை இடிபாடு, பாதை, தங்குமிடம், சில கேள்விகள்

#1 வெள்ளவத்தை ரைடர்

வணக்கம். படங்களைப் போட்டதிலிருந்து பலர் விவரம் கேட்டபடி இருப்பதால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

மன்னார் மாவட்டத்தில், அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் இடையில், கடலோரச் செம்மண் மேட்டில் ஒரு மாளிகை இடிந்து நிற்கிறது. இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தது. முத்துக் குளிப்பு நடக்கும் மாதங்களில் வந்து தங்கி மேற்பார்வை பார்க்கக் கட்டிய வீடு. ஆங்கிலத்தில் டோரிக் என்பார்கள், ஊரில் அல்லிராணிக் கோட்டை என்றால்தான் வழி சொல்வார்கள்.

முதலில் பாதை. மோட்டார் சைக்கிளுக்கு அதிவேகப் பாதையில் அனுமதி இல்லை என்பதால் பேலியகொடையிலிருந்து பழைய புத்தளம் வீதிதான். வத்தளை, ஜா-எல, நீர்கொழும்பு தாண்டும் வரை பொறுமை வேண்டும். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் அந்தப் பகுதி இலகுவாகக் கடந்துவிடும், ஆறு மணிக்குப் பிறகென்றால் அங்கேயே பாதிச் சக்தி போய்விடும். சிலாபம் தாண்டியதும் தென்னந்தோப்பும் நல்ல பாதையும். முந்தல், மதுரங்குளி, பாலாவி, அப்புறம் புத்தளம். உப்பளங்கள் தெரியத் தொடங்கும்போது காலைச் சாப்பாட்டுக்குச் சரியான நேரமாக இருக்கும்.

புத்தளத்திலிருந்து நேரே வடக்கே எழுவான்குளம் வழியாகப் போனால் தூரம் குறைவு என்று வரைபடம் காட்டும். அதை நம்பி அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம். அது வில்பத்து தேசியப் பூங்காவின் ஊடாகப் போகிறது. கலா ஓயாவின் சப்பாத்துப் பாலத்தின் மேல் மழைக்காலத்தில் தண்ணீர் பாயும். நாங்கள் போனது நொச்சியாகம, அநுராதபுரம், றம்பாவ, மதவாச்சி வழி. மதவாச்சியில் மன்னார் வீதிக்குத் திரும்பி, செட்டிக்குளம், மடுச் சந்தி தாண்டி முருங்கன். முருங்கனில் இடப்பக்கம் சிலாவத்துறைப் பாதை. மொத்தம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இனி மாளிகை. கூரை இல்லை. சுவர்களும் சில தூண்களும் மட்டும் நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் கருங்கல் தூண் போலத் தெரியும். கிட்டப் போனால்தான் தெரிகிறது, எல்லாம் செங்கல். செங்கல்லைச் சுற்றி வட்டமாக அடுக்கி மேலே சுண்ணாம்புப் பூச்சு. பூச்சு உதிர்ந்த இடங்களில் உப்புக் காற்று செங்கல்லை உள்ளே தின்றுவிட்டது. ஆனால் இடையில் இருக்கும் சாந்து தின்னப்படவில்லை, அது மட்டும் வெளியே தள்ளி நிற்கிறது. அந்தச் சாந்தின் விளிம்பில் பொடியாக நொறுங்கிய சிப்பித் துண்டுகள் மினுங்குகின்றன. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், நண்பர்கள் வந்து கூப்பிடும் வரை.

கடல் பக்கம் நிலைமை மோசம். மேட்டின் விளிம்பு உடைந்து விழுந்தபடி இருக்கிறது, கட்டிடத்தின் துண்டுகள் கீழே மணலில் கிடக்கின்றன. இதைப் பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம். வரப்போகும் ஒவ்வொரு பருவக்காற்றும் கொஞ்சத்தைக் கொண்டுபோகும்.

#2 கொட்டாஞ்சேனை மச்சான்

அருமை அண்ணா. ஒரு கேள்வி. எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் ஞாயிறு மட்டும்தான் லீவு. விடிய மூன்று மணிக்கு வெளிக்கிட்டு இரவு பத்துப் பதினொன்றுக்குத் திரும்பி வரலாமா? எல்லாம் 150 சிசி வண்டிகள். கண்டி, நுவரெலியா எல்லாம் ஒரே நாளில் போய் வந்திருக்கிறோம்.

#3 தெமட்டகொடை கராஜ்

தம்பி, வண்டி தாங்கும், நீங்கள் தாங்குவீர்களா என்பதுதான் கேள்வி.

போகவர 600 கிலோமீட்டருக்கு மேல். சாப்பாடு, பெற்றோல், இளைப்பாறல் எல்லாம் சேர்த்தால் மணிக்கு 45, 50 கிலோமீட்டர் சராசரியே பெரிது. கணக்குப் போட்டுப் பாருங்கள், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் சீட்டில். அதுவும் திரும்பி வரும்போது நொச்சியாகமவுக்கும் புத்தளத்துக்கும் இடையில் இருட்டிவிடும். கருவலகஸ்வெவ பக்கம் யானை வீதியைக் கடக்கும் இடம். இருட்டில் வீதி நடுவே நிற்கும் யானை லைட் வெளிச்சத்தில் கடைசி நேரத்தில்தான் தெரியும். அதன் தோல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது. எதிரே லொறி வந்து கண் கூசினால் அதுவும் தெரியாது. கராஜுக்கு வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

சனிக்கிழமை பின்னேரம் வெளிக்கிட்டுப் புத்தளத்தில் தங்குங்கள். ஞாயிறு விடிந்ததும் மிச்சத் தூரம். திங்கள் காலை வேலைக்குக் கொஞ்சம் பிந்திப் போக முடியுமென்றால் ஞாயிறு இரவு மன்னாரில் தங்கலாம். முடியாதென்றால் ஒரு நீண்ட வார இறுதி வரும் வரை பொறுங்கள்.

வண்டியைப் பற்றி. பின்னால் ஆள் ஏற்றினால் பின் டயரில் காற்றுக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பது சங்கிலி மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். காலையில் டயர் சூடாவதற்கு முன் அளந்து பாருங்கள், ஓடிச் சூடான பிறகு அளந்தால் கூடுதலாகக் காட்டும். சங்கிலித் தளர்வு 25, 30 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும், ஆள் ஏறியதும் அது இன்னும் இறுகும் என்பதை மறக்க வேண்டாம். கிளட்ச் கேபிள் ஒன்று, பிளக் ஒன்று, டியூப் டயர் என்றால் டியூப் ஒன்று கையில் வேண்டும். முருங்கன் தாண்டினால் உங்கள் வண்டிக்கான சாமான் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கடற்கரை மணலில் சைட் ஸ்டாண்ட் புதைந்து வண்டி சாயும். ஒரு தட்டையான கல்லை அடியில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை நல்ல தண்ணீரில் கழுவுவது. உப்பு சங்கிலியிலும் பிரேக் பின்னிலும் இருந்தால் ஒரு வாரத்தில் துரு பிடிக்கும். கழுவிக் காய்ந்த பிறகு எண்ணெய் போடுங்கள், ஈரத்தின் மேல் போட்டால் பயனில்லை.

#4 வெள்ளவத்தை ரைடர்

கராஜ் அண்ணா சொல்வதுதான் சரி. நாங்களும் மன்னாரில் தங்கித்தான் வந்தோம். அரிப்பிலிருந்து மன்னாருக்கு வந்த வழியே முருங்கன் திரும்பிப் போகத் தேவையில்லை. அருவி ஆற்றுப் பாலம் தாண்டி வடக்கே நானாட்டான் பக்கமாகப் போகலாம்.

மச்சான், ஒரே நாளில் போனால் இடத்தில் நிற்க அரை மணி நேரம்தான் கிடைக்கும். செல்பி எடுத்துவிட்டுத் திரும்பத்தான் நேரம் சரி. அதற்கு 600 கிலோமீட்டர் ஓட வேண்டுமா?

#5 டீச்சர் பம்பலப்பிட்டி

உங்கள் பாதையைப் பார்த்ததும் எனக்கு றொபேட் நொக்ஸின் ஞாபகம்தான் வந்தது. நீங்கள் அநுராதபுரத்திலிருந்து அரிப்பு வரை போனது ஏறத்தாழ அவர் தப்பிப் போன திசை.

நொக்ஸ் 1660ல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி. கண்டி அரசனின் ஆட்சிப் பகுதியில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்தார். சிறையில் அல்ல, ஊர்களில் வைத்திருந்தார்கள், ஆனால் வெளியேற முடியாது. 1679ல் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழனுடன் வியாபாரி வேடத்தில் வடக்கே நகர்ந்து, அநுராதபுரம் பக்கம் வந்து, அருவி ஆற்றின் கரையோரமாகக் காட்டுக்குள் நடந்தார். சிங்களத்தில் மல்வத்து ஓயா என்பதும் அதே ஆறுதான். ஒக்டோபர் மாதம் இருவரும் வந்து சேர்ந்த இடம் அரிப்புக் கோட்டை. அப்போது அது ஒல்லாந்தர் கையில் இருந்தது. அங்கிருந்து மன்னார், பிறகு கொழும்பு.

அரிப்புக் கோட்டையும் நோர்த்தின் மாளிகையும் வேறு வேறு என்பதைப் புதிதாகப் போகிறவர்கள் கவனியுங்கள். கோட்டை போர்த்துக்கீசர் கட்டிய சிறிய சதுரக் கட்டிடம், இரண்டே கொத்தளங்கள். 1658ல் ஒல்லாந்தரிடம் போனது, 1795ல் ஆங்கிலேயரிடம். அதுவும் இடிந்துதான் கிடக்கிறது. மாளிகைக்கு வருகிற பலர் அதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

மாளிகை பற்றி ஒன்று. நோர்த் 1798 முதல் 1805 வரை ஆளுநர். கட்டிடத்துக்கு வரைபடம் போட்டதும் அவரேதான். வேலை நடந்துகொண்டிருந்த 1803ல்தான் கண்டிக்கு அனுப்பிய அவருடைய படை அழிந்தது. கஜானாவுக்கும் நல்ல காலம் இல்லை. அதற்கு முன்பு 1796, 1797, 1798 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து முத்துக் குளிப்பு நடத்திப் பெரும் பணம் பார்த்தார்கள். அள்ளிய வேகத்தில் பார்கள், அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகள், பெரும்பாலும் வெறுமையாகிவிட்டன. சிப்பி நாலைந்து வயதாகாமல் நல்ல முத்து இராது. ஆக, முத்துக் குளிப்பைப் பார்வையிட என்று மாளிகை எழுந்தபோது முன்பு போலக் கடலில் சிப்பி இருக்கவில்லை. எனக்கு அந்த இடிபாட்டில் முதலில் கண்ணில் படுவது இதுதான்.

#6 கடலோரன்

எல்லோரும் மன்னிக்க வேண்டும், நான் வேறு மாதிரி நினைக்கிறேன்.

இது ஒரு வெள்ளைக்கார ஆளுநரின் வீடு. கடலில் விழுந்தால் விழட்டும். அவருடைய பலகணிக்கு முன்னால் கல்லைக் காலில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கியவனுக்கு அங்கே ஒரு நடுகல் உண்டா? கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வந்தவன், அரபு நாட்டிலிருந்து வந்தவன், நம்ம கரையில் இருந்தவன், இவர்களில் ஒருவனின் பெயராவது எங்காவது எழுதியிருக்கிறதா? தூணைப் படம் பிடித்து அழகு என்று எழுதுகிறோம். அந்த அழகுக்கான பணம் எங்கிருந்து வந்தது?

மாளிகை இருக்கும் அதே முசலிப் பிரதேசத்தில் இன்றைக்கும் குடிதண்ணீர் ஒழுங்காக இல்லாத ஊர்கள் உண்டு. செலவழிக்கப் பணம் இருந்தால் அதற்குச் செலவழிக்கட்டும்.

#7 டீச்சர் பம்பலப்பிட்டி

கடலோரன் தம்பி, கேட்டது நியாயமான கேள்வி. கோபமும் நியாயம்.

முத்துக் குளிப்பு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் எழுதுகிறேன், இழையில் எல்லோருக்கும் பயன்படும். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை, கடல் அமைதியாக இருக்கும் வாரங்களில் நடக்கும். இரவில் வெடி போட்டதும் கரைக்காற்றில் படகுகள் வெளிக்கிடும், விடிந்ததும் குளிப்புத் தொடங்கும். ஆள் ஒரு கால் வைக்கக் கயிற்றில் கட்டிய கல் ஒன்று, கூடை ஒன்று. படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். நம்ம ஆட்கள் கையால் மூக்கைப் பொத்துவார்கள், அரபுக் குளிகாரர் கொம்பினால் செய்த கிளிப் போடுவார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடம் கீழே. சுறா தீண்டாமல் மந்திரம் ஓதக் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார், அவர் இல்லாமல் இறங்க மாட்டார்கள். அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. மத்தியானம் கடற்காற்று எழும்பியதும் பாய் விரித்துக் கரைக்கு.

கரையில் கொட்டு என்ற அடைப்புக்குள் சிப்பிகளை எண்ணிக் குவிப்பார்கள். பிற்காலத்தில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவருக்கு, மற்றது அரசுக்கு. அரசு தன் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடும். வாங்கியவர் அதை நாள்கணக்கில் அழுக வைப்பார். புழுவும் ஈயும் தின்று தீர்த்த பிறகு கடல் தண்ணீரில் கழுவி அடியில் தங்குவதை அரிப்பார்கள். அந்த நாற்றம் மைல் கணக்கில் வீசியதாக வந்தவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். வெறும் மணலில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும்பும். கடைகள், நீதிமன்றம், வைத்தியசாலை எல்லாமே ஓலைக் கொட்டில்கள். முடிந்ததும் ஒன்றும் மிஞ்சாது.

அதுதான் நான் சொல்ல வருவது. 1905ல் நடந்த குளிப்பில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அவ்வளவு பேர் கூடிய இடத்தில் இன்று ஒரு தடி கூட இல்லை. ஓலை அழுகிப்போனது, செங்கல் நிற்கிறது. குளித்தவர்களின் கதையைச் சொல்ல அந்தக் கரையில் கைகாட்ட ஒரு இடம் வேண்டுமென்றால் இருப்பது இந்த மாளிகைதான். அது விழுந்தால் ஆளுநரோடு அவர்களின் கதையும் போய்விடும். ஆளுநர் பெயர் புத்தகங்களில் இருக்கும், அவர் தப்பிப்பார். இவர்களுக்கு வேறு இடமில்லை.

#8 முசலியான்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எனக்குச் சிலாவத்துறை. இப்போது தொழிலுக்காகத் தெமட்டகொடையில் இருக்கிறேன்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எங்கள் குடும்பமும் ஊரை விட்டது. நான் பிறந்தது கற்பிட்டிப் பக்கத்து முகாமில். வாப்பா ஊரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் இந்த இடம் வரும். பள்ளிக்கூடம் விட்டு அதன் நிழலில் இருந்து கடலைப் பார்ப்பார்களாம். போர் முடிந்து 2009க்குப் பிறகு திரும்பிப் போனபோது எங்கள் வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. வீட்டுக்கு எல்லையே தெரியவில்லை. அல்லிராணிக் கோட்டைச் சுவர் தெரிந்தது. அதை வைத்துத்தான் வாப்பா எங்கள் காணி எந்தப் பக்கம் என்று காட்டினார். அதனால் அதை வெள்ளைக்காரன் வீடு என்று என்னால் நினைக்க முடியவில்லை, கடலோரன். எங்களுக்கு அது ஊரின் அடையாளம்.

தண்ணீர் பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை. கிணறு பல இடங்களில் உவர். அதற்கும் குரல் கொடுங்கள், அதுவும் வேண்டும்.

வருபவர்களிடம் கேட்பது சில விசயம். வண்டியைச் சுவர் வரை ஏற்றாதீர்கள், அந்த மேடு லேசான மண், அதிர்வுக்குச் சரியும். சுவரில் ஏறாதீர்கள். பெயர் கிறுக்காதீர்கள். போத்தலை உடைத்துவிட்டுப் போகாதீர்கள், எங்கள் பிள்ளைகள் வெறும் காலோடு அங்கே ஓடித் திரிகிறவர்கள். மீனவர்கள் காயப்போட்ட வலையின் மேல் டயர் ஏற்றாதீர்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவுக்குக் கடை பூட்டியிருக்கும், அதற்கு ஏற்ப நேரம் பாருங்கள். ஊர்க் கடையில் சாப்பிடுங்கள், மீன் நன்றாக இருக்கும்.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று. வெட்டவெளி என்பதால் பக்கவாட்டில் அடித்து வண்டியைத் தள்ளும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழை. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம்.

#9 வெள்ளவத்தை ரைடர்

முசலியான் நானா, நீங்கள் எழுதியதற்கு மிக்க நன்றி. அடுத்த முறை வரும்போது அந்தச் சுவரிலிருந்து உங்கள் காணி எந்தப் பக்கம் என்று நேரில் காட்ட வேண்டும்.

சுவரில் ஏறக்கூடாது என்பதை எல்லோரும் கவனமாக எடுங்கள். நாங்கள் நின்றபோதே ஒரு பொடியன் தூணடியில் ஏறிப் படத்துக்கு நின்றான். காலடியிலிருந்து சாந்து பொலபொலவென்று கொட்டியது. இருநூறு ஆண்டு தாக்குப்பிடித்த சாந்து.

#10 சுண்ணாம்பும் செங்கல்லும்

பழைய கட்டிடங்களைப் பேணும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் பதிவில் சொன்ன அந்தத் தள்ளி நிற்கும் சாந்து, அதுதான் இந்தக் கட்டிடத்தின் நோயையும் மருந்தையும் ஒன்றாகக் காட்டுகிறது.

கடல் காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு செங்கல்லுக்குள் போகும். வெயிலில் ஈரம் காயும்போது உப்பு உள்ளேயே கட்டியாகி விரியும். மறுபடி ஈரம், மறுபடி வெயில். மெதுமெதுவாகச் செங்கல்லின் முகம் பொரிந்து கொட்டும். மேலே பூச்சு இருக்கும் வரை அந்த அடியைப் பூச்சே வாங்கிக்கொள்ளும். செங்கல் தப்பும். சிப்பியைச் சுட்டு நீற்றி எடுத்த சுண்ணாம்பு அது. நன்றாகத் தேய்த்து முடித்தால் சலவைக்கல் மினுக்கம் வரும். அந்தக் காலத்தில் அதைப் பார்த்தவர்கள் வெள்ளை வெளேரென்று மின்னியதாக எழுதியதில் மிகை இல்லை. நம்ம ஊர்ப் பழைய கொத்தர்கள் கடுக்காய்த் தண்ணீரும் பனங்கட்டியும் சேர்த்துக் குழைப்பதும் இதே குடும்பத்து வேலைதான்.

இதில் எல்லோரும் தவறாக நினைக்கும் ஒன்று: சிமெந்து பூசினால் பலமாகும் என்பது. ஆகாது. சிமெந்து ஈரத்தை வெளியே விடாது. உப்பும் தண்ணீரும் பின்னால் சிறைப்பட்டு, செங்கல்லை உள்ளேயே தூளாக்கிவிட்டு, ஒரு நாள் பூச்சும் செங்கல் முகமும் சேர்ந்து தகடாகக் கழன்று விழும். தொட்டால் சுண்ணாம்பால்தான் தொட வேண்டும்.

ஆனால் உண்மையான ஆபத்து சுவரில் இல்லை, அதன் அடியில். மேட்டை அலை அறுக்கிறது. மேலே என்ன பூசினாலும் அடி நழுவினால் சுவர் போகும். கரையைப் பாதுகாப்பது பெரிய வேலை. ஒரு இடத்தில் கல் அடுக்கினால் பக்கத்து இடத்தில் கடலரிப்புக் கூடலாம், பக்கத்தில் மீனவர் படகு ஏற்றும் கரை இருக்கிறது. கடலோரப் பொறியியலாளர்கள் பார்த்துச் செய்ய வேண்டிய ஒன்று.

அது நடக்கும் வரை நாம் செய்யக்கூடியது பதிவு. போகிற ஒவ்வொருவரும் ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் படம் எடுங்கள். ஒரு அளவுகோலோ தலைக்கவசமோ சுவரடியில் வைத்து எடுத்தால் அளவு தெரியும். மேட்டு விளிம்பிலிருந்து அருகில் உள்ள சுவர் மூலை வரை எத்தனை அடி என்று, விளிம்பை நெருங்காமல் அளக்க முடிந்தால், எழுதி வையுங்கள். திகதி முக்கியம். இப்படிச் சில ஆண்டுப் படங்கள் சேர்ந்தால் கடல் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது.

#11 கடலோரன்

நானா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. ஊர்க்காரருக்கு அது வேண்டுமென்றால் அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் ஒரு விசயத்தில் நான் நிற்கிறேன். பாதுகாக்கிறோம் என்று சொல்லித் தூணை நிமிர்த்தி, புல்வெளி போட்டு, ஆளுநரின் படத்தோடு ஒரு பலகை நட்டுவிட்டுப் போனால் அது அநியாயம். டீச்சர் எழுதினாரே, கல், கூடை, கயிறு பிடித்த ஆள், கடல்கட்டி, மூன்றில் ஒரு பங்கு. அது தமிழிலும் சிங்களத்திலும் அங்கே எழுதியிருக்க வேண்டும். அது இல்லாத பாதுகாப்பு எனக்குத் தேவையில்லை.

#12 டீச்சர் பம்பலப்பிட்டி

இதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை தம்பி. கடைசிக் காலக் கதையையும் சேர்க்க வேண்டும். பார்கள் ஏன் அடிக்கடி வெறுமையாகின்றன என்று பார்க்க 1902ல் ஹெர்ட்மன் என்ற கடலுயிரியல் பேராசிரியரைக் கூப்பிட்டார்கள். குஞ்சுச் சிப்பிகளைப் பருவக்காற்றுக் கால மணல் மூடுவதும், திருக்கை போன்ற மீன்கள் தின்பதும் காரணமாகக் கண்டார்கள். 1905 பெரும் அறுவடைக்குப் பிறகு சில குளிப்புகள்தான், பின்னர் வீழ்ச்சி. ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும் இயற்கை முத்துக்கு இருந்த மதிப்பும் போனது.

#13 வத்தளை ஸ்கூட்டி

நானும் இரண்டு தோழிகளும் ஸ்கூட்டரில் போக ஆசைப்படுகிறோம். 110 சிசி. முடியுமா? பெண்கள் மட்டும் என்பதால் தங்குமிடம், கழிப்பறை பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

#14 தெமட்டகொடை கராஜ்

முடியும் தங்கச்சி. ஸ்கூட்டருக்குச் சக்கரம் சிறிது, குழியில் விழுந்தால் அடி பலமாக வரும், அதனால் வேகம் குறைத்து ஓடுங்கள். தாங்கியில் கொள்ளளவு குறைவு. புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி மூன்று இடத்திலும் பாதித் தாங்கி இருந்தாலும் நிரப்புங்கள். டிரைவ் பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று போகுமுன் பாருங்கள், மாற்றும் கட்டம் நெருங்கினால் மாற்றிவிட்டுப் போங்கள். வழியில் அறுந்தால் தள்ளிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி இல்லை.

முதல் நாள் அநுராதபுரம், இரண்டாம் நாள் அரிப்புப் பார்த்து மன்னார், மூன்றாம் நாள் திரும்பல். அவசரம் இல்லாமல் இருக்கும்.

#15 முசலியான்

தங்கச்சி, சிலாவத்துறைக்கு வந்தால் எங்கள் வீடு இருக்கிறது. உம்மா, தங்கை எல்லோரும் இருக்கிறார்கள். முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, சாப்பிட்டுப் போகலாம். மாளிகை அடியில் கழிப்பறையோ நிழல் மரமோ இல்லை, பத்து மணிக்குப் பிறகு வெயில் தாங்காது. விடியற்காலை அல்லது நாலு மணிக்குப் பிறகு வாருங்கள். குடிக்கும் தண்ணீரை மதவாச்சியிலேயே வாங்கி வையுங்கள். தனிச்செய்தியில் எழுதுங்கள், உம்மாவிடம் சொல்லி வைக்கிறேன்.

#16 வத்தளை ஸ்கூட்டி

நன்றி நானா. உம்மாவுக்குக் கொழும்பிலிருந்து என்ன கொண்டுவர வேண்டும் என்றும் கேட்டுச் சொல்லுங்கள். மன்னாரில் வேறு என்ன பார்க்கலாம்?

#17 வெள்ளவத்தை ரைடர்

திருக்கேதீச்சரம், பள்ளிமுனையில் பெருக்க மரம், மன்னார்க் கோட்டை. பறவை பிடிக்குமென்றால் வங்காலை. முருங்கன் பக்கம் கட்டுக்கரைக் குளத்தில் பின்னேரம் நின்று பாருங்கள், அந்த அகலத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மன்னார் தீவுக்குள் வீதியில் கழுதைகள் நடுவே நிற்கும், கோன் அடித்தாலும் நகராது, சுற்றிப் போங்கள்.

#18 கொட்டாஞ்சேனை மச்சான்

நாங்கள் ஒரே நாள் திட்டத்தைக் கைவிட்டுவிட்டோம். பெப்ரவரியில் நீண்ட வார இறுதி ஒன்று வருகிறது, அதில் புத்தளத்தில் ஒரு இரவு, மன்னாரில் ஒரு இரவு. சேர விரும்புபவர்கள் சொல்லுங்கள். கடலோரன், நீங்களும் வாருங்கள், பின்சீட் ஒன்று காலி.

சுண்ணாம்பு அண்ணா, அந்தப் படம் எடுக்கும் இடம் எது, எந்தக் கோணம் என்று ஒரு வரைபடம் கீறித் தந்தால் அதேபோல் எடுத்து வருவோம். எல்லாவற்றையும் சேர்த்துத் தொல்லியல் திணைக்களத்துக்கும் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் ஒரு கடிதத்தோடு கொடுக்கலாம். இரண்டும் கொழும்பில்தானே, நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

#19 சுண்ணாம்பும் செங்கல்லும்

இந்த வார இறுதிக்குள் வரைந்து போடுகிறேன். மூன்று இடம் போதும்: நிலப் பக்க வாசலுக்கு நேரே, தெற்கு மூலை, வடக்கு மூலை. கடல் பக்கம் கீழே இறங்கி எடுக்க வேண்டாம், மேலிருந்து எப்போது எது விழும் என்று சொல்ல முடியாது.

#20 டீச்சர் பம்பலப்பிட்டி

கடிதத்தை நான் தமிழில் எழுதித் தருகிறேன், சிங்களத்துக்கு ஒரு தோழி உதவுவார். முத்துக் குளித்தவர்கள் பற்றிய பந்தியைக் கடலோரன் எழுதட்டும்.

#21 கடலோரன்

எழுதுகிறேன் டீச்சர். மச்சான், பின்சீட்டை எனக்கே வையுங்கள். குடிதண்ணீர் பற்றியும் கடிதத்தில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். அதற்கான விவரத்தை முசலியான் நானாவிடம் கேட்டிருக்கிறேன்.